எர்த்ஸீக்குள் நுழையத் தயங்குகிறவர்களுக்கு

மந்திரவாதி, டிராகன், மந்திரம் சொல்லித்தரும் பள்ளி என்று பின்னட்டையில் பார்த்ததுமே "இது பசங்க படிக்கிறது" என்று கீழே வைத்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் 'அ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவல் 1968இல் வந்தது. எர்த்ஸீ என்பது தீவுகளால் ஆன ஒரு கற்பனை உலகம். வளரிளம் வயதினருக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டதால் எழுதியதுதான், ஆனால் ஓரிடத்தில்கூட வாசகரைச் சின்னப் பிள்ளையாக நடத்தாது. பத்தே அத்தியாயங்கள், ஒல்லியான புத்தகம்.

முதல் பக்கங்களிலேயே தீவுப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். மனப்பாடம் செய்ய வேண்டாம். வரைபடத்தில் வடகிழக்கே கதை தொடங்குகிற காண்ட், நடுவில் மந்திரப் பள்ளி இருக்கிற ரோக், இந்த இரண்டை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டால் போதும், மற்றவை படகு போகப் போகத் தானாகப் பிடிபடும். அட்டைப்படத்தையும் நம்பாதீர்கள். நாயகன் கெட் செம்பழுப்பு நிறம், அவனுடைய நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு, ஊரைக் கொள்ளையடிக்க வருகிறவர்கள்தான் வெள்ளையர்கள். பல பதிப்புகளின் அட்டையில் கெட்டை வெள்ளைக்காரனாக வரைந்தார்கள், அதை லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்திருக்கிறார்.

அப்புறம், வேகம். இன்றைய நாவல்கள் மாதிரி பக்கத்துக்குப் பக்கம் உரையாடல் இருக்காது, பெரியவர் ஒருவர் பழைய கதை சொல்கிற தொனியில் போகும். அதனால் முதல் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஏழு வயதுப் பையன், பெரியம்மா ஆட்டைக் கூப்பிடச் சொன்ன மந்திரத்தை அர்த்தம் தெரியாமல் திருப்பிச் சொல்ல, ஆடுகள் எல்லாம் சத்தமே இல்லாமல் வந்து அவனை நெருக்கிக்கொண்டு, கொம்பும் ரோமமுமாக, அவன் ஓடினால் கூடவே ஓடி, விலகவே மாட்டேன் என்று நிற்கிற அந்தக் காட்சி காதில் விழும்போது இன்னும் நன்றாக இருக்கிறது. கையில் இருக்கிற சக்தியை அடக்கத் தெரியாதவனின் கதை இது என்பது அங்கேயே வந்துவிடுகிறது.

பலர் விட்டுவிடுவது இரண்டாவது அத்தியாயத்தில். குரு ஓகியன் பூகம்பத்தையே அடக்கியவர் என்று பேர், ஆனால் மழை வந்தால் மந்திரத்தால் விரட்டாமல் ஒரு மரத்தடியில் போய்ப் பேசாமல் படுத்துக்கொள்கிறார். கெட் நனைந்துகொண்டே எரிச்சலில் இருக்கிறான். உங்களுக்கும் அந்த எரிச்சல் வந்தால் சரியாகத்தான் படிக்கிறீர்கள் என்று அர்த்தம், தயவுசெய்து அங்கே தாவிப் போகாதீர்கள். மழையை ஓரிடத்தில் நிறுத்தினால் வேறெங்கோ என்ன ஆகும் என்கிற கேள்வி புத்தகம் முழுக்கக் கூட வரும், ஓகியன் ஏன் சும்மா இருந்தார் என்பது பின்னால் கெட்டுக்கும் நமக்கும் சேர்ந்தேதான் புரியும்.

பிடிக்கிறதா இல்லையா என்ற முடிவை நான்காவது அத்தியாயம் வரை தள்ளிப்போடுங்கள். ரோக் பள்ளியில் போட்டிக்காகவும் வீம்புக்காகவும் கெட் ஒரு காரியம் செய்கிறான். என்ன என்று சொல்லமாட்டேன். அதிலிருந்து கடைசிப் பக்கம் வரை அந்த ஒன்றுதான் கதை, டிராகன்கூட நடுவில் வந்து போகிற ஒரு விஷயம்தான். முடிவை எங்கேயும் முன்கூட்டித் தேடிப் பார்க்காதீர்கள், இந்தப் புத்தகத்தை அது உண்மையிலேயே பாதிக்கும்.

ஒரு குறை இருக்கிறது. பெண்களுக்கு இதில் இடம் குறைவு, அவர்களுடைய மந்திரத்தை மட்டமாகப் பேசுகிற பழமொழிகூட வரும். லெ குவினே பின்னால் 1990இல் இதே எர்த்ஸீ வரிசையில் 'டெஹானு' எழுதி அதை நேராக எதிர்கொண்டார். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் இதை முடித்ததும் 1971இல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' எடுங்கள். அதில் டெனார் என்ற பெண்தான் மையம், கெட் நன்றாகப் பாதி வழியில்தான் வருவான்.