டிரிப்ஸ் ஏறும்போது செய்யக் கூடாத தவறுகள்

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க டாக்டர், தெம்பு வந்துடும்.” இப்படிக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதே முதல் தவறு. 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ், மீதியெல்லாம் தண்ணீர். 100 கலோரிகூடத் தேறாது. வாயால் சாப்பிட முடிகிறவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு இதைவிடப் பல மடங்கு தெம்பு தரும்.

வாந்தியாலோ வயிற்றுப்போக்காலோ உடம்பு வற்றி, குடிக்கவும் முடியாமல் கிடப்பவருக்கு டிரிப்ஸ் உயிர்காக்கும் மருந்துதான், மறுக்கவில்லை. 1832இல் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் காலரா நோயாளிகளின் ரத்தக்குழாயில் உப்புக்கரைசல் ஏற்றியது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். ஆனால் அதே சலைன் இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அளவுமீறிப் போனால், நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அதைச் சும்மா தண்ணீர் என்று நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகளும் கிளம்புகின்றன.

பக்கத்தில் இருப்பவர்கள் அதிகம் செய்வது, ட்யூபில் இருக்கும் சின்ன உருளையை நகர்த்தி வேகத்தைக் கூட்டுவது. சீக்கிரம் முடிந்தால் வீட்டுக்குப் போகலாமே என்ற அவசரம். நான்கு மணி நேரத்தில் போக வேண்டியது அரை மணியில் போனால் அது வேறு சிகிச்சை. பொட்டாசியம் கலந்த பாட்டில் என்றால் இதயத் துடிப்பே தடம் மாறும். பொட்டாசியத்தை நீர்க்கச் செய்யாமல் நேரடியாக ரத்தக்குழாயில் செலுத்தவே கூடாது என்பது அதனால்தான்.

நர்சிங் படிப்பவர்கள் தடுமாறும் இடமும் வேகம்தான். பாட்டிலையும் கையையும் இணைக்கும் ட்யூபைத்தான் செட் என்பார்கள். சாதாரண செட்டுகள் பலவற்றில் 20 சொட்டு ஒரு மி.லி.; சொட்டு சின்னதாக விழும் மைக்ரோ செட்டில் 60 சொட்டு. நிமிடத்துக்கு 40 சொட்டு என்று வைத்தால், முதலாவதில் 500 மி.லி. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே முடியும். இரண்டாவதில் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். சொட்டை எண்ணுவதற்கு முன் செட்டின் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்க்காவிட்டால் எண்ணியதெல்லாம் வீண்.

சொட்டு நின்றுவிட்டால் பாட்டிலின் மேல்பக்கத்தில் ஒரு ஊசியைக் குத்திவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு இது ஒப்புக்கொள்ளவே முடியாத குறுக்குவழி. கிருமி நீக்கி மூடிய பாட்டிலில் நாமே ஓட்டை போட்டு அறைக்காற்றை உள்ளே விடுகிறோம். காற்று தேவைப்படும் பாட்டிலுக்கு வடிகட்டி வைத்த செட் இருக்கிறது. பல சமயம் காரணம் அதைவிடச் சாதாரணமாக இருக்கும்: கை மடங்கியிருக்கும், ட்யூப் உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கும்.

கை வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஊசி போட்ட இடம் உப்பி, தொட்டால் குளிர்ந்திருந்தால், வென்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகி வைக்கும் மெல்லிய குழாய்) ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்து, மருந்து சதைக்குள் இறங்குகிறது என்று பொருள். சூடாக, சிவந்து, ரத்தக்குழாயின் போக்கிலேயே வலித்தால் அது ரத்தக்குழாய் அழற்சி. இரண்டிலும் “கொஞ்சம் பொறுத்துக்கோங்க, முடியப்போகுது” என்பது மோசமான ஆறுதல். கால்சியம், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின், சில புற்றுநோய் மருந்துகள் வெளியே கசிந்தால் சதையே அழுகிப்போகும். டிரிப்ஸை நிறுத்தச் சொல்லி உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். நீங்களாகத் தேய்க்காதீர்கள், ஒத்தடமும் வேண்டாம், சில மருந்துக்குச் சூடு, சிலவற்றுக்குக் குளிர்ச்சி. அடைத்துப்போன வென்ஃப்ளானைச் சிரிஞ்சால் அழுத்தித் திறக்கப் பார்ப்பதும் தவறு. கட்டி நின்ற ரத்தம் உள்ளே தள்ளப்படும்.

ஒரே ட்யூபில் எல்லா மருந்தும் போகட்டும் என்பது இன்னொரு அசட்டை. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் திரவத்தோடு சேர்ந்தால் படிவு உண்டாகும். பச்சிளங்குழந்தைக்கு அது உயிராபத்து. வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் குளுக்கோஸில் திரியும். ரத்தம் ஏற்றும் ட்யூபில் குளுக்கோஸ் போனால் சிவப்பணுக்கள் உடையும்.

காற்றுக் குமிழியைப் பற்றிய பயம் கொஞ்சம் மிகை. ட்யூபில் தெரியும் ஓரிரு சின்னக் குமிழிகள் பெரியவர்களை பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. காலியான ட்யூபில் காற்றை வெளியேற்றாமலே அடுத்த பாட்டிலை மாட்டுவதுதான் ஆபத்து. அதனால் பாட்டில் தீரும் முன்பே சொல்லிவிடுங்கள். கழிப்பறைக்குப் போகும்போது பாட்டில் கைக்கு மேலே இருக்கட்டும். தாழ்ந்தால் ரத்தம் ட்யூபில் திரும்பி ஏறும்.

டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை) போட்ட கையிலும், மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையிலும் பொதுவாக ஊசி போட மாட்டார்கள். முன்கூட்டியே சொல்வது நோயாளியின் வேலை.

கழற்றிய பிறகு பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் நேராக அழுத்துங்கள். முழங்கையை மடக்கி வைத்தால் தோலடியில் ரத்தம் கட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்த வேண்டும். அழற்சி கழற்றிய இரண்டொரு நாள் கழித்தும் வரலாம்: அந்த இடம் கயிறுபோலத் தடித்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.