நன்றாகத்தானே ஓடுகிறது? பழைய விண்டோஸை வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய விண்டோஸை மாற்றச் சொன்னால் முதலில் வரும் பதில், "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. தையல் மெஷினை ஓடும்வரை ஓட்டலாம், கிரைண்டரையும் அப்படியே. ஆனால் விண்டோஸ் போன்ற இயங்குதளம் தேய்ந்து சத்தம் போட்டு நமக்கு எச்சரிக்கை கொடுக்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. மறுநாள் காலையில் அதே திரை, அதே வேகம். ஓடுவதை வைத்துப் பாதுகாப்பை அளப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறப்பவை.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தோறும் ஓட்டைகளை அடைத்து அப்டேட் வெளியிடுகிறது. அது வந்த கையோடு, தாக்க நினைப்பவர்கள் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே மாற்றம் என்று தேடுகிறார்கள். மாற்றம் இருக்கும் இடத்தில்தான் ஓட்டை இருந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் பொதுவான நிரல் நிறைய. எனவே 11-ல் இன்று அடைத்த பல ஓட்டைகள், அப்டேட் நின்றுபோன 10-ல் திறந்தே கிடக்கும், இருக்கும் இடமும் ஊருக்கே தெரிந்துவிடும். வருடம் ஆக ஆக அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கேனே" என்பார்கள். ஆன்டிவைரஸ் இயங்குதளத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்வது. கீழே இருக்கும் தளத்தையே ஒருவன் கைப்பற்றிவிட்டால், ஆன்டிவைரஸை நிறுத்தும் அதிகாரமும் அவன் கைக்குப் போய்விடும். விண்டோஸ் 10-ல் அதோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பச்சை டிக்கைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அது காவலாளி இருக்கிறார் என்று சொல்கிறதே தவிர, சுவரில் விழுந்த ஓட்டையை அடைப்பதில்லை.

அடுத்தது, "கண்ட லிங்க்கை அழுத்த மாட்டேன், எனக்கு ஒன்றும் வராது" என்ற நம்பிக்கை. 2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாகிரை என்ற தீநிரல் இதைப் பொய்யாக்கியது. யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி வசதியில் இருந்த ஓட்டை வழியாக, ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளை நடத்தும் 236 அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிப்பு. நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த ஓட்டைக்கான அப்டேட் தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அப்போது அதற்கு ஆதரவு இருந்தது. வந்த அப்டேட்டைப் போடவில்லை, அவ்வளவுதான். ஆகவே 11-க்கு மாறிவிட்டு "பிறகு நினைவூட்டு" என்று தள்ளிக்கொண்டே போகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு. 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பி-க்கும் மைக்ரோசாஃப்ட் அவசர அப்டேட் கொடுத்தது உண்மை. ஆனால் அது வந்தபோது தாக்குதல் தொடங்கிவிட்டது. "பெரிய ஆபத்துன்னா அவங்களே கொடுப்பாங்க" என்று காத்திருப்பதில் பயனில்லை.

நம் ஊர் டிடிபி கடைகளின் சிக்கல் தனி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, அதற்காகவே ஓடும் ஓர் எக்ஸ்பி கணினி. இருபது வருடக் கல்யாணப் பத்திரிகை அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் கணினியைத் தூக்கிப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது, தேவையும் இல்லை. செய்யக்கூடாதது, அதே கணினியில் வாட்ஸ்அப்பையும் மின்னஞ்சலையும் திறப்பது. நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையை அணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை முதலில் புதிய கணினியில் ஸ்கேன் செய்து, தேவையான கோப்பை மட்டும் கடையின் சொந்த பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். புதிய வேலைகளையாவது, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் தொடங்குங்கள். பழைய உரைகளை மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன.

சரி, மாறத் தீர்மானித்த பிறகும் தவறுகள் உண்டு. கிராக் செய்த விண்டோஸ் 11-ஐப் போட்டுக்கொள்வது, பூட்டு வாங்கப் போய் சாவியைத் திருடனிடம் கொடுப்பது போன்றது. தகுதியான கணினியில் அசல் விண்டோஸ் 10 இருந்தால் 11-க்கு மாறுவது இலவசம். தகுதி இல்லை என்று காட்டினாலும் உடனே புதுக் கணினி வாங்க ஓடாதீர்கள். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இல்லை என்று சொல்லும் கணினிகள் பலவற்றில் அது இருக்கிறது, கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்டெல் பலகைகளில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். ஆனால் இன்டெல் செயலி எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால் பெரும்பாலும் வழியில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக் கணினிகளுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தது. அதில் சேர விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். அது மூச்சு விட்டுக்கொள்ளக் கிடைத்த நேரம் மட்டுமே. இணையம், கடிதம், கணக்கு என்று மட்டும் பயன்படுத்துபவர், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை யோசிக்கலாம். 4 ஜிபி ராம் இருந்தால் வசதியாக ஓடும். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

எந்த வழியில் போனாலும் முதலில் பேக்கப். மை டாக்குமென்ட்ஸையும் டெஸ்க்டாப்பையும் மட்டும் நகலெடுத்துவிட்டு, டேலி டேட்டா ஃபோல்டரையும், எழுத்துருக்களையும், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறந்துவிடுவார்கள். நகலெடுத்த ஹார்டு டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, ஒரு புகைப்படம், ஒரு கணக்கு, ஒரு பழைய கடிதம் என்று திறந்து பாருங்கள். மூன்றும் திறந்த பிறகு ஃபார்மேட் பட்டனைத் தொடுங்கள்.