ஆந்த்ராபிக் வாதத்தில் எங்கே வழுக்குகிறோம்?

"நாம் தோன்றவேண்டும் என்பதற்காகவே பிரபஞ்சம் இப்படி அமைந்தது." ஆந்த்ராபிக் வாதத்தைப் பலர் இப்படித்தான் சுருக்குகிறார்கள், இருப்பதிலேயே பெரிய தவறும் இதுதான். 1973-இல் இயற்பியலாளர் பிராண்டன் கார்ட்டர் சொன்னதில் அடிப்படையானது இவ்வளவுதான்: பார்ப்பதற்கு ஓர் ஆள் இருக்கக்கூடிய இடமும் காலமும் மட்டுமே நம் கண்ணில் படும். வாக்குச்சாவடி வரிசையில் நிற்பவர்களிடம் மட்டும் விசாரித்துவிட்டு ஊரே ஓட்டுப் போடுகிறது என்று சொல்லக்கூடாது இல்லையா, அதே எச்சரிக்கைதான். இதில் நோக்கமும் கிடையாது, காரணமும் கிடையாது.

சரி, அப்படியானால் இது எதற்கும் உதவாத வெற்றுப் பேச்சா? அதுவும் தவறு. பிரபஞ்சத்தின் வயதிலிருந்தும் ஈர்ப்பு விசையின் வலிமையிலிருந்தும் கணக்கிட்ட சில மிகப்பெரிய எண்கள் ஏறக்குறைய ஒத்துப்போவதைப் பார்த்த இயற்பியலாளர் டிராக், காலப்போக்கில் ஈர்ப்பு குறைகிறது என்றே 1937-இல் முடிவுகட்டினார். 1961-இல் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி கேட்டது எளிமையான கேள்வி: விண்மீன்களுக்குள் உயிருக்கு வேண்டிய கார்பன் வெந்து வெளியே சிதறுவதற்கு முன்னாலோ, விண்மீன்கள் பெரும்பாலும் அணைந்த பிறகோ, இந்த எண்களைக் கணக்குப்போட யார் இருப்பார்கள்? நாம் இருக்கக்கூடிய காலத்தில் அவை ஒத்துப்போகத்தான் செய்யும். ஈர்ப்பு விதியில் கைவைக்கத் தேவையே இல்லை.

அப்புறம் வானியலாளர் ஃபிரெட் ஹாயில் கதை. "உயிர் இருக்கிறது, ஆகவே கார்பன் அணுக்கருவில் இப்படியொரு ஆற்றல் நிலை இருந்தாகவேண்டும்" என்று 1953-இல் அவர் கணித்ததாகச் சொல்வார்கள். கணித்தது உண்மை, அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகச் சோதனையில் 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் அருகே அந்த நிலை கிடைத்ததும் உண்மை. ஆனால் அவர் கையில் இருந்த ஆதாரம் பிரபஞ்சத்தில் காணப்படும் கார்பனின் அளவு: அந்த நிலை இல்லாவிட்டால் விண்மீன்களில் அவ்வளவு கார்பன் உருவாகியிருக்காது. உயிர் பற்றிய பேச்சு பிற்பாடு ஒட்டியது என்று அறிவியல் வரலாற்றாளர் ஹெல்கே கிராக் காட்டியிருக்கிறார்.

ஈர்ப்பின் வலிமை போன்ற ஓர் இயற்பியல் மாறிலியை மட்டும் திருகிவிட்டு "உயிர் போச்சு" என்பதும் அவசரம்தான். வலுக்குறை அணுவிசையே (சில அணுக்கருச் சிதைவுகளுக்குக் காரணமான விசை) இல்லாத பிரபஞ்சத்திலும், மற்றவற்றைத் தகுந்தபடி மாற்றினால், விண்மீன்கள் எரியலாம் என்று 2006-இல் ஓர் ஆய்வு வந்தது.

இந்த வாதம் பல பிரபஞ்சங்களை நிரூபித்துவிட்டது என்பவர்களும் உண்டு. டிக்கிக்கு இந்த ஒரே பிரபஞ்சத்தின் வெவ்வேறு காலங்கள் போதுமாக இருந்தன. அண்டவியல் மாறிலி (பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்தும் அளவு) மிகப் பெரிதாக இருந்தால் விண்மீன் மண்டலங்களே திரளாது என்று 1987-இல் இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் ஒரு வரம்பு போட்டார், 1998-இல் கிடைத்த மதிப்பு அதற்குள் அடங்கியது. ஆனால் அது ஏன் இவ்வளவு சிறியது என்பதற்கு இதுவே விளக்கம் என்று சொல்லவேண்டுமானால், வேறு வேறு மதிப்புகள் கொண்ட பகுதிகள் நிஜமாகவே எங்கேனும் இருக்கவேண்டும். அவை இருப்பதை இந்த வாதமே காட்டிவிடாது.