வெயில் பார்த்துச் சுவர், வெள்ளி பார்த்து மியூசியம்: சென்னையை நிதானமாகப் பார்க்க

சுவரோவியங்களைப் பார்க்கக் கண்ணகி நகருக்குக் காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுவரில் நேராக விழும். நிறமெல்லாம் வெளுத்துத் தெரியும், ஜன்னல் சன்ஷேடின் நிழல் ஓவியத்து முகத்தின் குறுக்கே கறுப்புக் கோடு இழுத்துவிடும். தாமதமாகிவிட்டால் நிழலில் இருக்கும் சுவர்களை மட்டும் பாருங்கள். மேற்குப் பார்த்த சுவர்களுக்கு உச்சிப்பொழுது வரை நேரம் இருக்கிறது.

துரைப்பாக்கத்தில் ஓ.எம்.ஆரிலிருந்து (பழைய மாமல்லபுரம் சாலை) உள்ளே திரும்பினால் வரும் குடியிருப்பு இது. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களை 2000 முதல் இங்கே குடியமர்த்தினார்கள். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன் என்ற தெருக்கலை அமைப்பு ஓவியர்களை அழைத்துவந்து பல பிளாக்குகளின் பக்கச் சுவர்களை முழு உயரத்துக்கு வரைய வைத்தது. மியூசியம் மாதிரி காலி இடமில்லை, வீடு. துணி காயும், குழாயடியில் குடம் நிற்கும். சுவரைப் படமெடுக்கலாம். வாசலில் இருப்பவர்களை எடுப்பதானால் "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

ஒரு ஓவியத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதலில் சுவரின் உயரத்தைப் போல இரண்டு பங்கு தூரம் பின்னால் போய் நில்லுங்கள். நாற்பதடிச் சுவருக்கு எண்பதடி. கிட்டே நின்று போனைத் தூக்கினால் தாடை பெரிதாகி நெற்றி சுருங்கும். பிறகு சுவரை ஒட்டிப் போய் ஜன்னலையும் கழிவுநீர்க் குழாயையும் ஓவியர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். சிலர் அதை உடம்பின் ஒரு பகுதியாகவே ஆக்கியிருப்பார்கள், சிலர் மேலேயே பூசிவிட்டுப் போயிருப்பார்கள். குளியலறைக் குழாய் ஓடும் இடத்தில்தான் பெயிண்ட் முதலில் பொருமும். ஈரம் உள்ளிருந்து வந்து உப்புப் பூத்து, மேல்பூச்சைத் தள்ளிவிடுகிறது. வெயிலைக் குறை சொல்வார்கள். வெயில் மங்கத்தான் வைக்கும், உரிக்கிற வேலை ஈரத்தினுடையது.

நகரத்துக்குள்ளேயே ஒன்று போதும் என்றால் இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். ஓவியர் ஏ-கில் பங்கேற்று 2021-இல் வரைந்த எச்.ஐ.வி விழிப்புணர்வு முகங்கள் அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரிலேயே இருக்கின்றன. பிளாட்பாரத்தில் நின்று தேடாதீர்கள், தெருவில் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

எழும்பூர் மியூசியத்தை வேறொரு நாளுக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்கும் அதே வெள்ளிதான், ஆகவே "அது மூடியிருந்தால் இதற்குப் போகலாம்" என்ற கணக்கு பலிக்காது. கேமராவுக்குத் தனிச் சீட்டு. வாசலிலேயே கேட்டு வாங்கிவிட்டால் உள்ளே போனபின் திரும்பி நடக்க வேண்டாம். 1851-இல் தொடங்கிய மியூசியம், பல கட்டடங்களில் பரவிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் இரண்டாம் மணி நேரத்தில் கால் வலிதான் மிஞ்சும். வெண்கலக் கூடத்துக்கு ஒன்றரை மணி, அமராவதிச் சிற்பங்களுக்கு அரை மணி, அதோடு வெளியே வந்துவிடுங்கள்.

வெண்கலத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி முன் பத்து நிமிடம் நில்லுங்கள். பெயர்ப்பலகையைக் கடைசியில் படித்தால் போதும். முதலில் கைகளை எண்ணுங்கள்: மூன்று. வலப்பக்கச் சிவனுக்கு இரண்டு, இடப்பக்க உமைக்கு ஒன்று. அடுத்து ஆடை. சிவன் பக்கம் தொடையோடு நிற்கிறது, உமை பக்கம் கணுக்கால் வரை இறங்குகிறது. இடுப்பு எந்தப் பக்கம் வளைகிறது என்று நீங்களே பாருங்கள். மற்றச் சிலைகளில் பீடத்துத் துளைகளையும் வளையங்களையும் தேடுங்கள். உற்சவத்தில் கழி கோத்துத் தூக்குவதற்கு வைத்தவை. மூக்கும் கண்ணும் மழுங்கியிருந்தால், நெடுங்காலம் அபிஷேகத்தில் தேய்ந்த முகமாக இருக்கலாம். இங்குள்ளவற்றில் பல மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மியூசியத்துக்கு வந்தவை. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் படமெடுக்க ஃபிளாஷை அணைத்து, போனைக் கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடியுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் படத்தில் நீங்களும் இருப்பீர்கள்.

தெரு விநோதங்களுக்கு டிக்கெட்டும் இல்லை, விடுமுறையும் இல்லை. ஒரு தெருவுக்கு ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடங்கள். இன்று சாமிப்பட டைல்ஸ்: காம்பவுண்டுச் சுவரின் அடியில் முழங்கால் உயரத்தில் பிள்ளையாரும் மாதாவும் மெக்காவும் வரிசையாக இருந்தால், அங்கே யாரோ சிறுநீர் கழித்து வீட்டுக்காரர் நொந்திருக்கிறார் என்று அர்த்தம். நாளை கட்சிகள் வெள்ளையடித்துப் பிடித்துவைத்த சுவர்கள். ஓரத்தில் எழுதிய ஆண்டைத் தேடுங்கள். கடைக்குள் கல்லாவுக்கு மேலே "என்னைப் பார் யோகம் வரும்" கழுதை மாட்டியிருந்தால் அன்றைய வேட்டை முடிந்தது.

பாரிமுனைப் பக்கம் போனால் ஹைகோர்ட்டின் கிழக்குச் சுவரில் எம்டன் கல்வெட்டைப் பாருங்கள். 22.9.1914 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் குண்டு போட்ட இடம். "ஆளு பெரிய எம்டன்" என்கிற பேச்சுக்கு அந்தக் கப்பல்தான் மூலம். அங்கே பாதுகாப்பு அதிகம், காவலரிடம் கேட்காமல் போனை எடுக்காதீர்கள்.

அப்படியே தீவுத்திடலுக்கு வந்தால் 1839-இல் நிறுவிய, மதராஸ் கவர்னராக இருந்த மன்றோவின் சிலை. குதிரையின் வயிற்றுப் பக்கம் பாருங்கள்: மன்றோவின் கால் சும்மா தொங்குகிறது, கால் வைக்கும் அங்கவடி இல்லை. சிற்பி சான்ட்ரி மறந்துவிட்டார் என்று ஊரில் கதை சொல்வார்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதே சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் சிலைக்கும் அங்கவடி கிடையாது.