தொலைவில் தெரியும் புடவைக்கு எளிய மாதிரி

வீடியோ கேமுக்காக நீங்களே வடிவமைத்த உடைக்கு விவரம் குறைந்த மாதிரியைச் செய்யும்போது, பிளெண்டர் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், மாதிரியை எளிமையாக்கும் டெசிமேட் மாடிஃபையர் என்ற கருவியின் விகிதத்தை 0.5 என வைத்தால், மாதிரியின் பரப்பை ஆக்கும் சிறு முகங்கள் ஏறத்தாழப் பாதியாகும். ஆயினும் முழு உடையையும் ஒரே அளவில் குறைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சென்னையில் என் மேசையில் உருவான பட்டுப்புடவை மாதிரியில் கொசுவ மடிப்புகளைத் தாராளமாகக் குறைத்தேன், ஏனெனில் மூல மாதிரியிலிருந்து எடுத்த நார்மல் மேப்பே (பரப்பின் மேடுபள்ளங்களை ஒளிநிழலாகக் காட்ட உதவும் படம்) அவற்றின் நிழலைக் காட்டிவிடுகிறது. தோள், முழங்கை, இடுப்பு ஆகிய வளையும் இடங்களை வெர்டெக்ஸ் குரூப்பாக, அதாவது முனைப்புள்ளிகளின் தொகுப்பாகக் குறித்து, குறைப்பிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லையெனில் பாத்திரம் கையைத் தூக்கும்போது ரவிக்கையைத் துளைத்துக்கொண்டு தோள் வெளியே தெரியும். முந்தானைச் சரிகை நெளிந்து தெரிந்தால், யூவியின் (துணிப் படத்தை மாதிரியின்மேல் பொருத்த உதவும் தட்டையான விரிப்பு) விளிம்புகள் சிதைந்துள்ளனவா என்று முதலில் பாருங்கள்.