நல்ல சாப்பாடுதான், ஆனால் வயிறு ஏன் கேட்க மாட்டேன் என்கிறது?

பாக்கெட் தீனியை விட்டுவிட்டு முழு தானியம், பயறு, காய், பழம் என்று மாறுகிறவர்களில் நிறையப் பேர் முதல் வாரத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உப்புசம், ஓயாத வாயு, சிலருக்கு மலச்சிக்கல்கூட. "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். ஏனென்றால் அவர்கள் சாப்பிட்டதில் பெரும்பாலும் தப்பு இருக்காது, மாறிய வேகத்தில்தான் இருக்கும்.

இந்த உணவுகளில் எல்லாம் நார்ச்சத்து அதிகம். அதை உடைக்கும் நொதிகள் நம் உடம்பில் இல்லை. அது வயிறு, சிறுகுடல் எல்லாவற்றையும் கடந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பகுதியைப் புளிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கியமான எரிபொருள். கூடவே வாயுவும் உண்டாகும். நார் குறைந்த சாப்பாட்டுக்குப் பழகிய குடலில் ஒரே நாளில் இரண்டு மடங்கு நாரைக் கொட்டினால் வயிறு ஊதத்தான் செய்யும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. சரி, அந்த 25 கிராமை நாளைக்கே எட்ட வேண்டுமா? வேண்டாம். முதல் வாரம் காலை உணவை மட்டும் ஓட்ஸுக்கோ வேறு முழு தானியத்துக்கோ மாற்றுங்கள். அது பழகிய பிறகு மதியத்தில் ஒரு காய் கூட்டலாம். அதற்கடுத்த வாரம் அரைக் கிண்ணம் பயறு. ஒரு மாதம் ஆனால் ஆகட்டும். தண்ணீரையும் சேர்த்தே கூட்ட வேண்டும். நார் நீரை இழுத்துக்கொண்டால்தான் மலம் இளகும், தண்ணீர் போதாவிட்டால் இறுகும். மலச்சிக்கலுக்கு எடுத்துக்கொள்ளும் இசப்கோல் உமியைப் போதிய தண்ணீர் இல்லாமல் விழுங்குவது ஆபத்தே. அது தொண்டையிலோ உணவுக்குழாயிலோ உப்பி அடைத்துக்கொள்ளலாம்.

பயறு சாப்பிட்டால் வாயு வருவதற்குத் தனிக் காரணம் உண்டு. அதில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றையும் சிறுகுடலால் செரிக்க முடியாது. இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைப் பாத்திரத்தைக் காலையில் பாருங்கள். தண்ணீர் கலங்கி, மேலே மெல்லிய நுரை கட்டியிருக்கும். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கிறது. அதைக் கொட்டிவிட்டு, அலசி, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வயிற்றுக்குப் பாரம் குறையும். விரல் நுனியில் வைத்து அழுத்தினால் மாவாக நசுங்கும் வரை வேக வேண்டும்.

ராஜ்மா விஷயத்தில் இதைக் கட்டாய விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பச்சையான ராஜ்மாவில் ஒரு லெக்டின் நச்சு இருக்கிறது. நாலைந்து விதை சரியாக வேகாமல் உள்ளே போனாலே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, தளதளவென்று கொதிக்கும் நீரில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் அரைமணி கொதிக்கவிட வேண்டும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும் ஸ்லோ குக்கர் இதற்கு ஆகாது. அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது.

அப்புறம் ஜூஸ். ஜூஸ் பிழிந்து முடித்ததும் வடிகட்டியில் தங்கிய சக்கையைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் குடலுக்குத் தேவையானதில் பெரும்பங்கு அதுதான், அதைத்தான் குப்பையில் போடுகிறோம். தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் சுமார் 4 கிராம் நார் இருக்கிறது. வடிகட்டிய ஆப்பிள் ஜூஸில் ஒரு கோப்பைக்கு அரை கிராம் தேறினால் பெரிது. பழத்தைக் கடித்து, மென்று சாப்பிடுங்கள். மெல்வதும் செரிமானத்தின் ஒரு படிதான்.

"இயற்கை" என்ற சொல்லை நம்பி அளவை மறப்பதும் நடக்கிறது. தேனையும் பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும் உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. உலர்பழங்களைக் கை நிறைய அள்ளிச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கு வந்தால், உலர்பழத்தைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று. ஒரு நாள் வயிறு உப்பியதும் கோதுமையை நிறுத்துவது, அடுத்து பாலை, அடுத்து வெங்காயத்தை என்று தட்டைச் சுருக்கிக்கொண்டே போவது. பலவகைச் செடி உணவுதான் குடல் பாக்டீரியாக்களுக்குத் தீனி. கோதுமையின் மேல் சந்தேகம் இருந்தால், அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் நோய்) ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். குளூட்டன் சாப்பிடுவதை நிறுத்தி நாளானால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்துவிடும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

குடல் சுருக்கம் (குடலின் பாதை ஓரிடத்தில் குறுகிப்போவது) உள்ளவர்கள், அண்மையில் குடலில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நாரைக் கூட்டக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத எடை இழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்று வலி அல்லது வயிற்றுப்போக்கு, வாரக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.