தடைக்காலத்தில் மதுரையும் கொடைக்கானலும்: நம்ம ஆட்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன வாரம் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து, “அண்ணே, ரெண்டு நாள் பிளான் போட்டிருக்கோம், பாத்துச் சொல்லுங்க” என்று போனை நீட்டினான். சனிக்கிழமை மதுரை, டவுன் பஸ்ஸில் ஊர் சுற்றுவது. ஞாயிற்றுக்கிழமை கைடோடு கொடைக்கானல் வேன். ஞாயிறு ராத்திரியே ஊருக்குத் திரும்புவது. எழுத்துக்கு எழுத்து நான் முதல் தடவை போட்ட அதே பிளான். டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் பக்கத்தில் குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் அது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். வலை பின்னும் வேலை, படகுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை போக, ஆண்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். ஆனால் அதே சமயத்தில்தான் பள்ளிக்கூட விடுமுறை, கொடைக்கானல் சீசன், மதுரையில் சித்திரைத் திருவிழா எல்லாம் வருகின்றன. ஆக வருஷத்திலேயே கூட்டம் அதிகமான இரண்டு மாதத்தில் போவதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை. கூட்டம் இல்லாத மாதத்தில் போகிறவர்கள் தப்பித்துவிடும் தவறுகள் நம்மை மட்டும் போட்டுத் தாக்குவது இதனால்தான்.

ஸ்வெட்டர் எடுத்துக்கொள், வாந்தி மாத்திரை வாங்கிக்கொள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மலையைக் கடைசி நாளில் வைப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

முதல் தடவை நான் கூட்டிப்போனது பதினான்கு பேரை. ஜூன் 13 மதுரை, ஜூன் 14 கொடைக்கானல். தடை முடிந்து மறுநாள் முதல் கடல் என்பதால், அதற்கு முன் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம் என்று கணக்கு. மதுரை நாள் அருமையாகப் போனது. மீனாட்சி கோவில், நாயக்கர் மஹால், தெப்பக்குளம், சாயங்காலம் ஜிகர்தண்டா. நேரம் போதாமல் போகவில்லை, மிச்சம்தான் இருந்தது. சும்மா ஒரு மணி நேரம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து கதை பேசினோம். அந்த ஒரு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் காலை 6 மணிக்கு வேன் என்றார்கள். 7 மணிக்கு வந்தது. மதுரையிலிருந்து மலைக்கு 120 கிலோமீட்டர்தான், ஆனால் வத்தலகுண்டு தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கிவிட்டால் கிலோமீட்டர் கணக்கு உதவாது. மேலே போய்ச் சேரும்போது பதினொன்றரை. சுற்றிப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினோம். நல்ல மழை. பெருமாள்மலைக்குக் கீழே ஓர் இடத்தில் மரம் சாய்ந்து கிடக்கிறது என்றார்கள். எங்களுக்கு முன்னால் எத்தனை வண்டி நின்றது என்று தெரியவில்லை, வளைவுக்கு வளைவு சிவப்பு விளக்குதான் தெரிந்தது. மூன்றரை மணி நேரம் ஒரே இடத்தில். மதுரைக்கு வந்து சேரும்போது ராத்திரி ஒரு மணி. வேன்காரர் ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டு, ராத்திரி பேட்டா தனி என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நம்ம ஊர் பஸ் மாட்டுத்தாவணியில். ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து, ராமேஸ்வரம் வந்தபோது விடிந்துவிட்டது.

என் மச்சானும் மாமாவும் போக வேண்டிய படகு, மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தது. அவர்களுக்குப் பதில் வேறு இரண்டு பேர். தடை முடிந்த முதல் கடலில் இறால் எப்படிப் படும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் கடன் வாங்கிச் சாப்பிட்டவனுக்கு அந்த ஒரு பங்குதான் கணக்கு. அது போயிற்று. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. மாமா இன்றைக்கும் விசேஷ வீட்டில் என்னைப் பார்த்தால், “கடல்லயே கரை திரும்புற நேரத்த எவனும் அடிச்சுச் சொல்லமாட்டான், இவரு மலைக்குச் சொன்னாரு” என்று நாலு பேர் கேட்கச் சொல்வார்.

இதில் மரம் சாய்ந்தது என் தப்பில்லை. நாள் வரிசைதான் என் தப்பு. கைடோடு போகும் மலை வேன் நம் கையில் இல்லாத விஷயம். கிளம்பும் நேரம், நிற்கும் இடம், திரும்பும் நேரம் எல்லாம் அவர்கள் கையில், பாதை மழை கையில். அது தாமதமாகுமே தவிர ஒருநாளும் சீக்கிரம் முடியாது. மதுரை டவுன் பஸ் நாள் நேர் எதிர். ஐந்து இடத்தை இரண்டாக்கலாம், காலையில் தூங்கிவிட்டுப் பத்து மணிக்குத் தொடங்கலாம், கோவிலை மட்டும் பார்த்துவிட்டு மதியமே பஸ் ஏறலாம். இப்படி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் நாள் எதற்கு இருக்கிறது? மலை நாள் சிந்தியதைத் துடைப்பதற்கு. அதை மலைக்கு முன்னால் வைத்துச் செலவழித்துவிட்டால், மலை சிந்துவதைத் துடைக்கத் துணியே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் நாள் மலை என்று வைத்திருந்தால், காலையில் மழை கொட்டினாலோ வேன் வராவிட்டாலோ அன்றைக்கு மதுரை பார்த்துவிட்டு மலையை மறுநாளுக்குத் தள்ளலாம். நான் பேசிப் பார்த்தவரை, பணத்தைத் திருப்பிக் கொடுக்காத ஆட்கள்கூட இடம் இருந்தால் நாளை மாற்றிக் கொடுக்கிறார்கள். கடைசி நாளில் வைத்தால் எந்த நாளுக்கு மாற்றுவது?

“ஊரிலிருந்து நாலு மணி நேரம் வந்த அலுப்போடு உடனே மலை ஏறுவதா” என்று கேட்பார்கள். வேண்டாம். முந்தைய நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், ராத்திரி மதுரையில் படுங்கள், விடிகாலை மலை. அறையை வேன் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். கோபுரம் தெரியும் அறைக்கு ஆசைப்பட்டுத் தூரமாகப் படுத்துவிட்டு, காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி ஆட்டோ தேடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

“மலைதான் பெரிய ஐட்டம், அதைக் கடைசியில் வைத்தால்தான் நல்லா இருக்கும்” என்று சொல்வதும் உண்டு. கல்யாணச் சாப்பாடா இது, பாயசம் கடைசியில் வர?

கொடை ரோடு ஸ்டேஷன்

மலையில் இல்லை. அங்கே இறங்கினால் இன்னும் 80 கிலோமீட்டர்.

எந்த பஸ் ஸ்டாண்ட்

ராமநாதபுரம், ராமேஸ்வரம் பஸ் நிற்பது மாட்டுத்தாவணி, ஊரின் வடகிழக்கு ஓரம். கொடைக்கானல் பஸ் கிளம்புவது ஆரப்பாளையம், மேற்கே. டவுன் பஸ்ஸுக்குப் பெரியார், நடுவில். மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு “மதுரை பஸ் ஸ்டாண்டில் சந்திப்போம்” என்று பேசி வைத்த இரண்டு குடும்பம் ஒன்றையொன்று கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. வேன் பேசும்போது ஏற்றும் இடத்தை எல்லோரும் கேட்கிறார்கள். இறக்கிவிடும் இடத்தைக் கேட்பதில்லை.

சனி, ஞாயிறு

தடைக்காலத்தில் நமக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். பிறகு எதற்கு ஆபீஸ் போகிறவன் மாதிரி சனி ஞாயிறு பார்த்துப் போகிறீர்கள்? செவ்வாய், புதன் போங்கள். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் அளவு வைத்தது. வார இறுதியில் எண்ணிக்கை கூட என்று சந்தோஷப்பட வேண்டாம், அந்த ஆயிரங்களும் அதே மலை ரோட்டில்தான் ஏறி இறங்கும்.

இ-பாஸில் வேறு வண்டி நம்பர்

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேண்டாம். வேன் பேசினால் “நாங்களே எடுத்துடுவோம்” என்பார்கள், எடுத்தும் விடுவார்கள். ஆனால் சீசனில் கடைசி நேரத்தில் வண்டி மாறும். பாஸ் பழைய நம்பருக்கு இருக்கும். ஒரு தடவை சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சிக்னல் வருகிற இடமாகப் பார்த்து நடந்து நடந்து, போனில் புது நம்பருக்குப் பதிவு போட்டோம். காலை ஏறும் முன்பு பாஸையும் நம்பர் பிளேட்டையும் ஒரு தடவை சேர்த்துப் பாருங்கள். அரை நிமிஷ வேலை.

“15 இடம்” நோட்டீஸ்

நோட்டீஸில் பதினைந்து இடம் போட்டிருக்கும். அதில் நாலைந்து, வண்டி மெதுவாகப் போகும்போது ஜன்னல் வழியாகக் கை காட்டுவது. சாக்லேட் கடையில் மட்டும் முக்கால் மணி நேரம் நிற்கும். அதில் சண்டை போட்டுப் பயன் இல்லை, ஆனால் வரிசையைப் பேசலாம். தூண் பாறையும் கோக்கர்ஸ் வாக்கும் மதியத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் வெள்ளைத் துணி விரித்த மாதிரி பனிமூட்டம்தான், 400 அடிப் பாறை இருக்கிறது என்று கைடு சொல்வதை நம்ப வேண்டியதுதான். மதுரையிலிருந்து போகும் வண்டி எப்படியும் பதினோரு மணிக்குத்தான் மேலே சேரும். அதனால் சேர்ந்ததும் சாப்பாட்டுக்கு முன் தூண் பாறை, அப்புறம் மற்றது என்று முந்தின நாளே கைடிடம் சொல்லிவைக்க வேண்டும். ஏரி எங்கேயும் போகாது. 1863-இல் வெட்டியது, சாயங்காலமும் அங்கேதான் இருக்கும்.

கடலில் வராத வாந்தி

“நான் இருபது வருஷமா கடலுக்குப் போறவன், எனக்கா” என்று சொன்ன படகு டிரைவர் ஒருவர் ஏழாவது வளைவில் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கடலில் அவர் நின்றுகொண்டு தூரத்துக் கடல்விளிம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார், உடம்பு ஆடுவதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகும். வேனில் பின் சீட்டில் உட்கார்ந்து போனில் ரீல்ஸ் பார்த்தார். காது ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது, வயிறு நடுவில் மாட்டிக்கொண்டது. முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்து வந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வத்தலகுண்டில் நாலு பரோட்டா சாப்பிட்டதும் கொஞ்சம் உதவியது.

கருவாட்டுப் பார்சல்

மதுரைச் சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதென்றால் மதுரை நாளில் கொடுங்கள். மலை வேனில் ஏற்றாதீர்கள். வேறு விளக்கம் கிடையாது.

தண்ணீர் பாட்டில்

5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் கேன் எடுத்துப் போங்கள்.

மதுரையில் மதிய நேரக் கோவில்

மலை நாள் முடிந்து மறுநாள் அலுப்பாக எழுந்து, குளித்து, டிபன் சாப்பிட்டு, டவுன் பஸ் பிடித்துக் கோவிலுக்குப் போனால் பன்னிரண்டரைக்கு நடை சாத்தியிருக்கும். பிறகு நாலு மணிக்குத்தான். வெயிலில் சித்திரை வீதியைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒன்று காலையிலேயே போங்கள், இல்லாவிட்டால் மதியம் நாயக்கர் மஹாலும் காந்தி மியூசியமும் பார்த்துவிட்டுச் சாயங்காலம் போங்கள். காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணி அந்த மியூசியத்தில் இருக்கிறது, பிள்ளைகளை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள்.

டவுன் பஸ் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் இல்லை, ஆகவே நம் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் செலவே கிடையாது. அதற்காக இலவச பஸ்ஸில் பெண்கள், அடுத்து வந்த பஸ்ஸில் ஆண்கள் என்று பிரிந்து ஏறாதீர்கள். நாங்கள் ஏறினோம். அவர்கள் தெப்பக்குளத்தில், நாங்கள் வேறெங்கோ.

செருப்பும் போனும் ஒரு வாசல், ஆள் ஒரு வாசல்

2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி கோவிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். செருப்பும் அதே வாசலில். நாலு பக்கமும் நாலு பெரிய கோபுரம், உள்ளே பிரகாரம் சுற்றிவிட்டு வந்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். கிழக்கே நுழைந்தவர் தெற்கே வெளியே வருவார், கையில் போன் இருக்காது, கூப்பிடவும் வழியில்லை. போனைக் கொடுப்பதற்கு முன்பே, பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று ஒரே ஓர் இடத்தைப் பேசிவையுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படி என்று வைத்துக்கொண்டால் நல்லது, உள்ளேயே இருக்கிறது, யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

நாங்கள் பேசிவைக்கவில்லை. அத்தையைக் காணோம் என்று ஒன்றரை மணி நேரம் நாலு வாசலுக்கும் வெறுங்காலில் ஓடினோம், மே மாத வெயிலில் அந்தக் கல் எப்படிச் சுடும் என்று தெரியும்தானே. கடைசியில் தெற்குக் கோபுரத்துக்கு எதிரே பூக்காரம்மா ஒருவர் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “எங்கடா போனீங்க எல்லாரும்? நா இங்கனதான இருக்கேன்” என்றார்.